களவுப் பிரதியும் கட்டற்ற கருவியும் – நிழற்படத் திருத்த மென்பொருள் குறித்து ஒரு நோக்கு

கருவி எவர் கையில் இருக்கின்றது என்ற வினா பொருளியல் மாணவருக்கு மாத்திரம் உரியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மிஷனரிமாரின் அச்சகங்களை நம்பியிராது வண்ணார்பண்ணையில் தமக்கென ஓர் அச்சுக்கூடத்தை நிறுவிய ஆறுமுக நாவலர் அவ்வினாவின் கனதியை நன்குணர்ந்திருந்தார். எழுதுபவன் அச்சுப்பொறிக்கு இரவலாளனாக இருக்கும்வரை அவன் எழுத்தும் இரவலே என்பதை அவர் செயலாற் காட்டினார். அதே வினா இன்று கணினித் திரையில் வேறு வடிவில் எழுந்து நிற்கின்றது.

பல்கலைக்கழக மாணவர் மத்தியில் லினக்ஸ் போன்ற திறந்த மூலப் பணிசெயல் முறைமைகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாது கேட்கப்படுகின்றது. “லினக்ஸுக்கு மாறலாம், ஆனால் போட்டோஷொப்புக்கு எங்கே போவது?” என்பதே அது. விழாச் சுவரொட்டி அமைப்பவரும், மலருக்கு அட்டை வரைபவரும், திருமண வீடுகளிற் படம்பிடித்துக் கைச்செலவைத் தேடிக்கொள்ளும் மாணவரும் இதனைக் கேட்கின்றனர். கேட்போரிற் பெரும்பாலார் விடையை எதிர்பார்ப்பதில்லை என்பது கவனிக்கத்தக்கது. வினாவே அவர்களுக்கு முடிவாகிவிடுகின்றது. மறுபுறத்தில், கட்டற்ற மென்பொருளின் பற்றாளர் சிலர் “கிம்ப் இருக்கிறதே, அது போட்டோஷொப்புக்குச் சமம்” என ஒரே வாக்கியத்தில் விடையிறுத்து விவாதத்தை முடித்துவிடுகின்றனர். முன்னையது சோம்பல்; பின்னையது பொய். இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வரலாற்றை நோக்குதல் வேண்டும். போட்டோஷொப்பும் கிம்ப்பும் பல்கலைக்கழக மாணவர் கைகளிலேயே பிறந்தவை. 1987 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்த தோமஸ் நோல் எழுதத் தொடங்கிய நிரலே, அவருடைய சகோதரர் ஜோன் நோலின் பங்களிப்புடன் வளர்ந்து, 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனத்தினால் போட்டோஷொப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1995 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீற்றர் மற்றிஸ் என்னும் இரு மாணவர் தொடங்கிய முயற்சியே கிம்ப். அதன் முதலாவது பொதுப் பதிப்பு 1996 ஜனவரியில் வெளிவந்தது. ஒன்று சந்தைக்குப் போயிற்று. மற்றையது மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்டது. இரண்டினதும் இன்றைய வேறுபாடுகளுட் பெரும்பாலானவை இந்தப் பிரிவின் விளைவுகளே.

கிம்ப்பின் தொடக்ககால வரலாற்றில் ஒரு நிகழ்வு சிறப்பாக மனங்கொள்ளத்தக்கது. அதன் முதற் பதிப்பு, திரையிற் சாளரங்களையும் பொத்தான்களையும் வரைவதற்கு மோட்டிவ் என்னும் வணிகக் கருவித்தொகுதியைச் சார்ந்திருந்தது. கிம்ப் இலவசமாகக் கிடைத்தபோதிலும் மோட்டிவ் இல்லாதவரால் அதனைத் தம் கணினியில் தொகுத்துப் பயன்படுத்த இயலவில்லை. கட்டற்ற மாளிகையின் வாயிற்கதவுக்கு வேறொருவர் பூட்டு! அந்த இரு மாணவரும் தமக்கெனச் சொந்தமாக ஒரு கருவித்தொகுதியை எழுதினர். ஜீ.ரி.கே. எனப்படும் அத்தொகுதியே 1997 இல் தொடங்கப்பட்ட க்னோம் என்னும் மேசைத்தளச் சூழலுக்கு அடித்தளமாயிற்று. நிழற்படத் திருத்தத்துக்காக எழுதப்பட்ட ஒரு துணைக் கருவி, பல லினக்ஸ் கணினிகளின் முகத்தையே அமைத்துத் தந்தது. ஒரு கருவியின் தேவை எப்போதும் அக்கருவியோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அங்ஙனமாயின், போட்டோஷொப் ஏன் லினக்ஸுக்கு வரவில்லை? தொழில்நுட்பத்தால் இயலாமையே காரணம் எனக் கருதுவோர் உளர். இக்கருத்துப் பிழையானது. 1990களின் நடுப்பகுதியில் சிலிக்கன் கிராபிக்ஸ், சன் ஆகிய நிறுவனங்களின் யுனிக்ஸ் கணினிகளுக்குப் போட்டோஷொப்பின் பதிப்புகள் வெளிவந்தமை பதிவாகியுள்ளது. லினக்ஸ் அந்த யுனிக்ஸ் மரபிலேயே வந்தது. 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க அசைபட நிறுவனங்கள் லினக்ஸுக்கு மாறியபோது அவற்றுக்கும் இதே இடர் நேர்ந்தது. டிஸ்னி உள்ளிட்ட சில பெருநிறுவனங்கள் கோட்வீவர்ஸ் என்னும் வேறொரு கொம்பனிக்குப் பணங்கொடுத்து, விண்டோஸுக்கு எழுதப்பட்ட போட்டோஷொப்பை லினக்ஸில் ஓடச்செய்யும் வழியை 2003 அளவிற் பெற்றுக்கொண்டன. டிஸ்னிக்கே நேரடிப் பதிப்பு வாய்க்கவில்லையெனில், பேராதனையிலும் திருநெல்வேலியிலும் இருக்கும் மாணவரின் வேண்டுகோள் எம்மட்டில் நிற்கும்? போட்டோஷொப் லினக்ஸில் இல்லாமை லினக்ஸின் குறைபாடு அன்று. அது ஒரு நிறுவனத்தின் சந்தைத் தீர்மானம். அத்தீர்மானத்தில் பயன்படுத்துபவருக்குக் குரல் இல்லை.

குரலின்மையின் விலை என்ன என்பதையும் காணலாம். 2012 இல் வெளிவந்த சீ.எஸ். 6 தொகுதியே ஒருமுறை பணஞ்செலுத்தி நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடிய இறுதித் தொகுதி. 2013 மே மாதத்தில் அடோபி சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்தது. அன்றுமுதல் போட்டோஷொப் எவருக்கும் சொந்தமாவதில்லை. மாதந்தோறும் வாடகை செலுத்தும் குடியிருப்பாளருக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் வேறுபாடில்லை. வீட்டுக்காரர் கதவை அடைத்தால் என்னவாகும் என்பதை 2019 ஒக்ரோபர் உணர்த்திற்று. வெனிசுவேலா அரசு மீது ஐக்கிய அமெரிக்க சனாதிபதி பிறப்பித்த கட்டளையைக் காரணங்காட்டி, அந்நாட்டிலுள்ள பயனர் கணக்குகள் அனைத்தையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தபின் அம்மாத இறுதியில் அம்முடிவு கைவிடப்பட்டது உண்மையே. ஆயினும் அந்த இடைப்பட்ட வாரங்களில் வெனிசுவேலாவின் ஓவியரும் படப்பிடிப்பாளரும் கற்ற பாடத்தை எவராலும் அழிக்க இயலாது. அவர்களுடைய கைத்தொழிலின் திறவுகோல் வேறொரு தலைநகரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இலங்கையருக்கு அப்பாடம் வேறு வடிவில் வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபா. 10 டொலர்ச் சந்தா ஒன்று இரண்டே மாதங்களில் 2000 ரூபாவிலிருந்து 3600 ரூபாவுக்கு ஏறிற்று. கொம்பனி ஒரு சதமேனும் உயர்த்தவில்லை. ஆயினும் மாணவரின் கைச்செலவு தாங்கவில்லை. டொலரில் வாடகை செலுத்தும் கருவியைக்கொண்டு ரூபாவில் உழைப்பவரின் நிலை இதுவே.

“அப்படிச் சந்தா செலுத்துவோர் இங்கு யார் இருக்கின்றனர்?” என நகைப்போர் உளர். நகைப்பு நியாயமானது. பூட்டு உடைத்த பிரதிகள் முன்னர் இறுவட்டிலும் இப்போது பென்டிரைவிலும் கைமாறி வருவது யாவரும் அறிந்த இரகசியம். மென்பொருளைப் பதிப்புரிமையுடைய ஆக்கமாகப் பாதுகாக்கும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நூலகத்தில் உறங்குகின்றது. களவுப் பிரதியை வைத்திருப்போர் சிலர் தம்மைப் பெருமுதலாளியத்துக்கு எதிரான கலகக்காரராகவும் கற்பனை செய்துகொள்கின்றனர். இக்கற்பனையைக் கலைத்தே ஆகவேண்டும்.

களவுப் பிரதி ஏகபோகத்தின் பகைவன் அன்று. அதன் சம்பளமில்லாத முகவர். ஒவ்வொரு களவுப் பிரதியும் ஒரு புதிய மாணவருக்குப் பிறிதொரு கருவியைக் கற்கவேண்டிய தேவையை இல்லாமற் செய்கின்றது. இலவசக் கருவி ஒன்றுக்குப் போட்டியாக விலையுயர்ந்த கருவி நிற்கும்போது விலை ஒரு தடையாக இருக்கவேண்டும். களவு அத்தடையை நீக்கி ஏகபோகத்துக்குப் பாதை செப்பனிடுகின்றது. கொம்பனிகள் இதனை அறியாதனவல்ல. 1998 இல் மைக்ரோசொப்ட்டின் பில் கேட்ஸ் சீனாவைக் குறித்துப் பேசுகையில், அங்குள்ளோர் மென்பொருளைக் களவாடுவதாயின் தம்முடையதையே களவாட வேண்டும் என்றும், பழக்கத்துக்கு அடிமையானபின் பணம் அறவிடும் வழியைப் பின்னர் கண்டுகொள்ளலாம் என்றும் கருத்துப்படக் கூறினார். இதைவிட வெளிப்படையான ஒப்புதலை எந்தக் குறுக்கு விசாரணையிலும் பெறமுடியாது. மாணவப் பருவத்திற் களவாகப் பழகியவர், தொழிலுக்குப் போனபின் தம் நிறுவனத்தின் செலவில் அதனையே வாங்குவிக்கின்றார். தமக்குப் பின்வருவோருக்கும் அதனையே கற்பிக்கின்றார். இதிற் கலகம் எங்கே இருக்கின்றது?

அன்றியும், களவின் காலமும் குறுகிவருகின்றது. 2023 மே மாதத்தில் போட்டோஷொப்பின் சோதனைப் பதிப்பிற் சேர்க்கப்பட்ட, செயற்கை நுண்ணறிவினால் படத்தின் பகுதிகளை உருவாக்கும் வசதி, பயனரின் கணினியில் இயங்குவதன்று. நிறுவனத்தின் வழங்கிக் கணினிகளில் இயங்குவது. தொலைவிலுள்ள கணினியைப் பென்டிரைவில் நகலெடுக்க இயலாது. நாளைய கருவி முழுவதும் அங்கே குடிபுகுமாயின், இன்றைய களவுத் திறமை நாளைக்குச் செல்லாக்காசு.

இனி, மற்றைத் தரப்பாரை நோக்கலாம். கிம்ப்பைப் போட்டோஷொப்புக்குச் சமமெனக் கூறுவோர் கட்டற்ற மென்பொருளுக்கு நன்மை செய்வதாக எண்ணித் தீமையே செய்கின்றனர். 2018 ஏப்ரலில் 2.10 பதிப்பு வரும்வரை கிம்ப் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிநிலைகளை மாத்திரமே கையாண்டது. வானத்தின் மெல்லிய நிறமாற்றத்தைத் திருத்த முயன்றவர் அதிற் பட்டை பட்டையாகக் கோடுகள் தோன்றுவதைக் கண்டு சலித்தனர். செய்த மாற்றத்தைப் படத்திற் புதைத்துவிடாது பின்னரும் திருத்தக்கூடியதாக வைத்திருக்கும் வசதி, 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பிலேயே வந்தது. போட்டோஷொப் பயனர் அதனைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வந்தனர். அச்சகம் வேண்டும் நால்வண்ண முறையில் படத்தை முழுமையாகத் திருத்தும் ஆற்றல் 3.0 பதிப்பிலும் இல்லை. அம்முறையில் ஏற்றுமதி செய்யவும் முன்கூட்டிப் பார்க்கவுமே இயலும். இவற்றை மறைத்து ஒரு மாணவரை லினக்ஸுக்கு அழைத்து வருபவர், ஓரிரவில் அவரை ஏமாற்றமடையச் செய்து விண்டோஸுக்கே திருப்பியனுப்புகின்றார். ஏமாற்றமடைந்து திரும்பியவர் இரண்டாம் முறை வருவதில்லை.

இக்குறைகளின் காரணம் திறமையின்மை அன்று. கிம்ப் ஒரு சிலரின் ஓய்வுநேர உழைப்பிலும் நன்கொடையிலும் வளர்வது. ஆயிரக்கணக்கான ஊழியரைக் கொண்ட கொம்பனியின் வேகத்தை அதனிடம் எதிர்பார்த்தல் நியாயமன்று. அதேவேளை, அதன் தாமதத்தை மறைத்தலும் நேர்மையன்று. உண்மையைக் கூறி அழைத்தலே உறுதியான அழைப்பாகும்.

உண்மையாதெனில், “போட்டோஷொப்புக்கு மாற்று எது?” என்ற வினாவே பிழையாக அமைந்துள்ளது. அக்காலத்து ஸ்ரூடியோக்களை நினைவுகூர்ந்தால் இது தெளிவாகும். படம்பிடிப்பது ஒருவர் வேலை. இருட்டறையிற் கழுவி அச்சிடுவது இன்னொருவர் கைப்பழக்கம். எதிர்ப்படத்திற் பென்சிலால் முகச்சுருக்கங்களை மறைப்பது வேறொரு நுண்கலை. அச்சுக்கு புளொக் செய்வது ஸ்ரூடியோவுக்கு வெளியே நிகழும் தொழில். எழுத்துக் கோப்பவர் அச்சகத்தில் இருந்தார். இத்தொழில்கள் அனைத்தும் ஒரே பெயருக்குள் அடங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு இயற்கையானதன்று. ஒரு வணிகப் பொருள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வளர்த்துவிட்ட பழக்கமே அது.

லினக்ஸுக்கு மாறுபவர் தம் வேலையைப் பகுத்து நோக்குவாராயின் கருவிகள் தாமாகவே புலப்படும். ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தித் தேடுவதற்கு டிஜிகாம் உண்டு. படக்கருவி தரும் பதப்படுத்தாத கோப்பைக் கழுவியெடுக்கும் இருட்டறையாக, ஜொஹானஸ் ஹனிக்கா 2009 இல் தொடக்கிய டார்க்டேபிளும், 2010 இல் கட்டற்றதாக்கப்பட்ட றோதெரப்பியும் உள்ளன. டார்க்டேபிள் மூலப்படத்தைத் தொடுவதேயில்லை. செய்த மாற்றங்களைக் கட்டளைகளாகப் பக்கத்தில் வேறொரு கோப்பில் எழுதிவைக்கின்றது. பத்தாண்டுகளுக்குப் பின்னரும் முதற்படம் கன்னிகழியாது இருக்கும். கிம்ப்புக்கு நெடுங்காலம் இல்லாதிருந்த வசதி இங்கே தொடக்கத்திலேயே இருந்தமை நோக்கற்பாலது. கீறலை நீக்கவும் பின்னணியை வெட்டவும் பல படங்களை இணைக்கவும் கிம்ப் போதுமானது. தூரிகை வேலைக்கும் நால்வண்ண முறைக்கும் கிரிதா உதவும். சுவரொட்டியின் எழுத்துருவங்களுக்கு இங்க்ஸ்கேப்பும், மலரின் பக்க அமைப்புக்கும் அச்சகக் கோப்புக்கும் ஸ்கிரைபஸும் உண்டு.

படக்கருவிக் கொம்பனிகள் தத்தம் கோப்பு வடிவங்களை இரகசியமாக வைத்திருந்த காலத்தில், டேவ் கொஃபின் என்னும் தனியொருவர் 1997 முதல் அவற்றின் புதிரை அவிழ்த்து டிசிறோ என்ற சிறு நிரலாக வெளியிட்டார் என்பதும், பல கட்டற்ற கருவிகளும் வணிக மென்பொருள்களும் அவருடைய உழைப்பிற் குளிர்காய்ந்தன என்பதும் இவ்விடத்து நினைக்கப்படல் வேண்டும். இல்லாத கருவியைப் பற்றி முறையிடுவோருக்கும் அதனைச் செய்வோருக்கும் இடையிலுள்ள தூரத்தை இவ்வொரு மனிதர் அளந்து காட்டியுள்ளார்.

இந்த ஏற்பாட்டிலும் இடர்கள் உண்டு. ஆறு கருவிகளைக் கற்றல் ஒன்றைக் கற்பதிலும் கடினம். வாடிக்கையாளர் போட்டோஷொப் கோப்பையே அனுப்பித் திருத்தித் தருமாறு கேட்டால், அதன் படலங்கள் கிம்ப்பிற் சில வேளைகளிற் சிதையும். நாளாந்தம் அத்தகைய கோப்புகளைக்கொண்டே பிழைப்பவர் சந்தா செலுத்திப் போட்டோஷொப்பையே வைத்திருப்பாராயின் அவரைக் குறைகூற இடமில்லை. அவர் விலையறிந்து வாங்குகின்றார். குறைகூறத்தக்கவர், ஆண்டுக்கு நான்கு சுவரொட்டி அமைப்பதற்காகக் களவுப் பிரதியை வைத்துக்கொண்டு, அதன் பொருட்டே முழுக் கணினியையும் பூட்டிய முறைமைக்கு அடகுவைத்திருப்பவரே.

தமிழ் மாணவருக்கு இவ்விடயத்தில் மேலதிகமான ஒரு காரணமும் உண்டு. இலங்கையில் தமிழ்ச் சுவரொட்டிகளும் மலர்களும் நெடுங்காலமாகப் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே அமைக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றிற் கணினி காண்பது தமிழெழுத்தை அன்று. ஆங்கில எழுத்துக்குரிய எண்களையே. எழுத்துருவை நீக்கினால் எஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். தேடவோ ஆவணப்படுத்தவோ இயலாத அக்குவியலில் ஒரு தலைமுறையின் எழுத்து புதைந்து கிடக்கின்றது. ஒருங்குறி வந்தபின்னரும் இப்பழக்கம் தொடர்ந்தமைக்கு ஒரு காரணம், பரவலாகப் பயன்பட்ட வணிக மென்பொருள்களின் பழைய பதிப்புகள் கொம்பு, கால்களைத் தமிழ் மரபுக்கேற்ப இடமாற்றி அமைக்காமையே. களவுப் பிரதி பெரும்பாலும் பழைய பிரதியாகவே இருப்பதால் அக்குறையும் கூடவே பேணப்பட்டது. கட்டற்ற உலகில் இவ்வேலையைச் செய்ய பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் நிரற்றொகுதிகள் எழுந்தன. கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் தமிழ் ஒருங்குறியில் ஒழுங்காக அமைவது இவற்றின் பயனே. 2024 ஜனவரியில் நிலைபெற்ற ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பும் இவ்வாற்றலைப் பெற்றுள்ளது. சுவையான செய்தி யாதெனில், அதே ஹார்ஃப்பஸ் இன்று போட்டோஷொப்பினுள்ளும் பயன்படுகின்றது. சந்தை புறக்கணித்த எழுத்துகளுக்காகவும் சேர்த்துப் பொதுவில் உழைத்தோரின் பயனைச் சந்தை பின்னர் பெற்றுக்கொண்டது.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்தின் கடமை தெளிவாகின்றது. பயிற்சி வகுப்புகளுக்கு ஒரு கொம்பனிப் பொருளின் பெயரைச் சூட்டும் வழக்கம் ஒழியவேண்டும். ஒளிச்செறிவு, வண்ணச் சமநிலை, படலம், மறைப்பு ஆகிய கருத்துகளைக் கற்ற மாணவர் எக்கருவியிலும் வேலை செய்வர். பொத்தான்களின் இடத்தை மாத்திரம் மனனஞ்செய்தவர் பொத்தான் இடம்மாறிய அன்றே கல்லாதவராகின்றார். மாணவர் சங்கங்கள் தம் மலர்களையும் சுவரொட்டிகளையும் ஒருங்குறித் தமிழில், எவரும் திறக்கக்கூடிய கோப்பு வடிவிற் பேணுதல் வேண்டும். அடுத்த ஆண்டின் செயற்குழு முந்திய ஆண்டின் கோப்பைத் திறக்க இயலாது திகைப்பது எந்தச் சங்கத்துக்கும் பெருமை தருவதன்று.

கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன பங்கு எனக் கேட்கப்படலாம். நிரல் எழுதுவோர் மாத்திரமே பங்களிக்கலாம் என்ற எண்ணம் தவறானது. கிம்ப்பின் பட்டிகளைத் தன்னார்வலர் தமிழாக்கியுள்ளனர். அத்தமிழாக்கத்தைப் படித்து, கலைச்சொற்களைச் சீர்செய்து, பொருந்தாதவற்றைத் திருத்தி அனுப்புவதற்கு மொழியறிவே வேண்டும். 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளுக்காக அறிஞர் பலர் உழைத்ததனாலேயே விஞ்ஞானமும் பொருளியலும் இந்நாட்டிற் தமிழிற் கற்பிக்கப்பட்டன. அப்பணியின் தொடர்ச்சி இன்று திரையில் காத்துக்கிடக்கின்றது. பூட்டிய மென்பொருளில் ஒரு சொல் பிழையாயின் பயனர் பொறுத்துக்கொள்ள வேண்டியதே. திறந்த மென்பொருளில் அதனைத் திருத்தும் உரிமை அவருடையது. உரிமையைப் பயன்படுத்தாதவர் உரிமை இல்லாதவரிலும் எவ்விதத்தில் உயர்ந்தவர்?

நாவலருடைய அச்சுக்கூடம் அக்காலத்து மிஷன் அச்சகங்களைவிடச் சிறந்த பொறிகளைக் கொண்டிருந்ததா என்று எவரும் இன்று கேட்பதில்லை. அது தமிழர் கையில் இருந்தது. அதில் வேண்டியதை அச்சிட முடிந்தது. பிழையைத் தாமே திருத்த முடிந்தது. லினக்ஸுக்கு மாறத் தயங்கி நிற்கும் மாணவர் தம் கணினியில் இருக்கும் களவுப் பிரதியைத் திறக்கும்போது இம்மூன்றில் எது தமக்கு உண்டு என்று தம்மையே வினவிக்கொள்ளட்டும். விடை கிடைத்தபின் போட்டோஷொப் எங்கே என்ற வினா எழாது. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்ற வினாவே எழும்.